எங்க வேணாலும் இறக்கலாம்... ஆனா எந்த இடமும் சொந்தமில்லை! ராபின் சிங்கும் 'யூட்டிலிட்டி' பிளேயர்களின் கரியரும்

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களில் இரண்டு விஷயங்கள் தலைகாட்டும். ஒன்று, அறுத்த தாளுக்கு நடுவே பச்சை பிடிக்கும் உளுந்து. இன்னொன்று, உளுந்து தெளிக்காமல் விட்ட வயலிலும் கோயில் திடலிலும் ஆரம்பிக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட். முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சிறந்த பேட்ஸ்மேன், சிறந்த பௌலர், தொடர் நாயகன் என்று கோப்பைகள் வரிசையாக நிற்கும்.

எந்த டீமை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஓர் அண்ணன் கட்டாயம் இருப்பார். கீப்பர் பையன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றால் அவர்தான் கீப்பர். ஓப்பனர் பஸ்ஸைத் தவறவிட்டால் அவர்தான் ஓப்பனர். யாருடைய ஓவரில் அடி விழுகிறதோ, அவருக்குப் பதில் அடுத்த ஓவர் இவருக்கு. எல்லாரும் இருக்கும் நாளில் எட்டாவதாக இறங்கி இரண்டு பந்து ஆடுவார். இவரை ஒப்புக்குச் சப்பாணி என்று சொல்லவே முடியாது. இவர் இல்லாவிட்டால் டீமே கலைந்துவிடும். ஆனால் ஃப்ளெக்ஸில் இருக்கும் கோப்பைகளில் எதுவும் அவருக்கென்று வாங்கியது கிடையாது.

அமெரிக்க பேஸ்பாலில் இந்த அண்ணனுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 'யூட்டிலிட்டி பிளேயர்'. உள்வட்டத்தில் மட்டும் மாறி மாறி நிற்பவர் என்றால் 'யூட்டிலிட்டி இன்ஃபீல்டர்'. அங்கே அது ஒரு முழுநேர உத்தியோகம். சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, பத்துப் பதினைந்து வருடம் அதிலேயே ஓட்டியவர்களும் உண்டு.

நம்ம ஊரில் இப்படி ஒரு கரியர் யாருக்கு இருந்தது என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் பெயர் ராபின் சிங். சென்னையை ஊராக்கிக்கொண்ட டிரினிடாட்காரர். 136 ஒருநாள் போட்டிகள், ஒரே ஒரு டெஸ்ட். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற கதைதான் இது.

நாலு க்ளவுஸ், ஒரு ஆள்

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். களத்தில் 9 பேர். அதில் உள்வட்டத்தில் பந்து எறிபவரையும் அதைப் பிடிக்கும் கேட்சரையும் விட்டால் 4 இடங்கள்: ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தேர்ட் பேஸில் நிற்பவருக்கு பந்து முகத்துக்கு நேரே வரும், யோசிக்க நேரம் கிடைக்காது, பிடித்த பிறகு மைதானத்தின் குறுக்கே நீளமாக எறிய வேண்டும். செகண்ட் பேஸ்காரர், தன்னை இடிக்கிற மாதிரி ஒருவர் ஓடிவரும்போது பந்தை வாங்கித் திரும்பி அடுத்த பக்கம் எறிய வேண்டும். ஷார்ட்ஸ்டாப்புக்கு இரண்டுமே தேவை, கூடவே ஓட்டமும். அதனால் ஷார்ட்ஸ்டாப் ஆடத் தெரிந்தவரைப் பெரும்பாலும் மற்ற இடங்களுக்கும் நம்பி அனுப்பலாம். மற்றவர்களை ஷார்ட்ஸ்டாப்புக்கு அனுப்புவதற்குத்தான் கோச் யோசிப்பார்.

ஒரு மேஜர் லீக் அணியின் வழக்கமான பட்டியலில் 26 பேர்தான். அதில் பாதிப்பேர் பந்து எறிபவர்கள். மிச்சமிருக்கும் பெஞ்ச்சில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்று ஆள் வைக்க முடியாது. ஆகவே மூன்று நான்கு இடங்களை மூடக்கூடிய ஒருவர் வேண்டும். இவருடைய பையில் க்ளவுஸே தனித்தனியாக இருக்கும். உள்வட்டத்துக்குச் சின்னது, வெளிவட்டத்துக்குப் பெரியது, ஃபர்ஸ்ட் பேஸுக்கு வேறு வடிவம். பேட்டிங் பெரும்பாலும் சுமார். ஃபீல்டிங்தான் சோறு போடும்.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஹோசே ஓகெண்டோ, 1988 சீஸனில் 9 இடங்களிலும் ஆடினார், பந்து எறிவது உட்பட. பென் ஜோப்ரிஸ்ட் கதை இன்னும் ஒரு படி மேலே. எங்கே வேண்டுமானாலும் நிற்கும் ஆள் என்றே பெயர் எடுத்தவர், 2016 வேர்ல்டு சீரிஸில் சிகாகோ கப்ஸ் ஜெயித்தபோது தொடர் நாயகன் ஆனார். சிறந்த ஃபீல்டர்களுக்கான 'கோல்ட் க்ளவ்' விருது 1957-லிருந்து இருக்கிறது. யூட்டிலிட்டி ஆட்டக்காரர் என்ற பிரிவை அதில் சேர்த்தது 2022-ல்தான். 65 வருடம்! நம்ம ஊர் டோர்னமென்ட் கமிட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்ட பையன்

ராபின் சிங் பிறந்தது 1963 செப்டம்பர் 14, டிரினிடாடில் பிரின்ஸஸ் டவுன் என்ற ஊரில். முழுப்பெயர் ரவீந்திர ராமநாராயண் சிங். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் வம்சாவளி நிறைந்த தீவு அது. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மலேயாவுக்குப் போனவர்களின் கதை தெரிந்த டெல்டா குடும்பங்களுக்கு இந்த மாதிரி வரலாறு புதுசு கிடையாது.

1980-களின் தொடக்கத்தில், இருபது வயதை ஒட்டி, படிப்பதற்காக சென்னை வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் முதுகலை. கூடவே சென்னை லீக் கிரிக்கெட், அங்கிருந்து தமிழ்நாடு ரஞ்சி அணி. இடதுகை பேட்டிங், வலதுகை மித வேகப்பந்து. சேப்பாக்கத்தில் சுழற்பந்துதான் ராஜா என்பதால் மித வேகத்துக்கு அங்கே பெரிய மரியாதை இல்லை. ஆனாலும் அணிக்குள் இவருக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருந்தது.

1987-88 சீஸனில் எஸ்.வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை ஜெயித்தது. 1954-55-க்குப் பிறகு 33 வருடம் கழித்து. அதற்குப் பிறகு இன்னும் ஜெயிக்கவில்லை என்பது தனிச் சோகம். அந்த அணியின் முக்கியமான தூண்களில் ஒருவர் ராபின்.

இந்தியாவுக்கு ஆட வேண்டும் என்றால் இந்தியக் குடியுரிமை வேண்டும். டிரினிடாட் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்து இந்தியரானார். 1989 மார்ச் 11, முதல் ஒருநாள் போட்டி. எதிரணி வெஸ்ட் இண்டீஸ். மைதானம் போர்ட் ஆஃப் ஸ்பெயின், அதாவது அவர் பிறந்த அதே டிரினிடாட். சினிமாவில் எழுதினால் ஓவர் என்போம்.

ஆனால் சினிமா அங்கேயே இடைவேளை விட்டுவிட்டது. அந்தச் சுற்றுப்பயணத்தோடு அணியிலிருந்து காணாமல் போனார். அடுத்த வாய்ப்பு வந்தது 1996 டைட்டன் கோப்பையில். இடையில் ஏழு வருடம். 25 வயதில் வெளியே போனவர் உள்ளே வரும்போது 33. ஒரு கிரிக்கெட் வீரருக்கு அதுதான் உச்ச வயது, அது முழுக்க ரஞ்சியிலும் சென்னை லீக்கிலும் கழிந்தது. முதல்தரக் கிரிக்கெட்டில் அவர் கணக்கு ஏறத்தாழ 7,000 ரன், சராசரி 46. கூடவே 172 விக்கெட். ரன் போதவில்லை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. 'இவரை எந்த இடத்தில் வைப்பது' என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை என்பதுதான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது.

அந்த ஐந்தாவது 10 ஓவர்

1996-ல் ஏன் கூப்பிட்டார்கள்? இதற்கு ஒருநாள் கிரிக்கெட்டின் கணக்கு தெரிய வேண்டும். 50 ஓவர். ஒருவர் அதிகபட்சம் 10 ஓவர்தான் போடலாம். ஆக, குறைந்தது 5 பௌலர்கள் வேண்டும். 5 முழு பௌலர்களை எடுத்தால் 6 பேட்ஸ்மேன்தான், அதில் ஒருவர் கீப்பர். 7 பேட்ஸ்மேனை எடுத்தால் 10 ஓவரை யார் போடுவது? அந்தக் காலத்து இந்திய அணிக்கு இது தீராத தலைவலி. கபில்தேவ் ஓய்வு பெற்றுவிட்டார். டெண்டுல்கர் கொஞ்சம், கங்குலி கொஞ்சம் என்று கைமாற்று வாங்கி ஓட்டினார்கள்.

அந்த ஓட்டையை அடைக்க வந்தவர்தான் ராபின். 6 அல்லது 7-வது இடத்தில் பேட்டிங், நடுவில் சில ஓவர் மித வேகம், 50 ஓவரும் ஃபீல்டிங். இந்த மூன்றாவதுதான் பெரிய விஷயம். டைவ் அடித்தால் டிரவுசர் அழுக்காகும் என்று நினைத்த தலைமுறை நடுவே, 30 தாண்டிய ஒரு மனுஷன் பாயின்ட்டிலும் கவர்ஸிலும் விழுந்து புரண்டு பந்தை நிறுத்தினார். ஒற்றை ரன்னை இரண்டாக மாற்றி ஓடினார். இன்று ஒவ்வொரு பையனும் செய்கிற விஷயம் இது. அன்று இந்திய அணியில் அதைச் செய்தவர்களை எண்ண ஒரு கை போதும். அசாருதீன், அஜய் ஜடேஜா, இவர்.

ஃபீல்டிங்கில் மிச்சப்படுத்தும் ரன்னுக்கு ஸ்கோர்கார்டில் கட்டம் கிடையாது. 15 ரன் தடுத்தவருக்கும் 15 ரன் கோட்டைவிட்டவருக்கும் பேப்பரில் ஒரே மதிப்புதான். 6-வது, 7-வது இடத்தில் இறங்குபவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மேலே நன்றாக ஆடினால் கடைசி 4 ஓவரில் வந்து கண்ணை மூடிக்கொண்டு சுற்ற வேண்டும். மேலே சரிந்தால் 60-க்கு 5 என்ற நிலையில் வந்து கட்டையைப் போட வேண்டும். எந்த வகையிலும் சராசரி ஏறாது. அவருடைய ஒருநாள் பேட்டிங் சராசரி 26-க்குப் பக்கம், பௌலிங் சராசரி 43-க்கு மேல். இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து ஒருவர் '136 மேட்ச் எப்படி ஆடினார்' என்று கேட்டால், எண்களைப் பிழை சொல்ல முடியாது. எண்களில் வராத வேலைக்குத்தான் அவரை எடுத்தார்கள்.

ஸ்கோர்கார்டின் இரண்டாவது வரி

ராபின் சிங்கின் நல்ல நாட்களைத் தேடிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அநேகமாக ஒவ்வொன்றிலும் இன்னொருவர் பெரிதாக நிற்பார்.

1997 ஆகஸ்ட், கொழும்பு. இலங்கை 302 அடித்தது. இந்தியா நான்கு விக்கெட்டைச் சீக்கிரம் இழந்தது. அசாருதீனும் ராபினும் ஐந்தாவது விக்கெட்டுக்கு 223 ரன் சேர்த்தார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. ராபின் சரியாக 100. ஒருநாள் போட்டிகளில் அவரது ஒரே சதம். இந்தியா 2 ரன்னில் தோற்றது.

1998 ஜனவரி 18, டாக்கா. சுதந்திரக் கோப்பையின் மூன்றாவது இறுதிப் போட்டி. பாகிஸ்தான் 48 ஓவரில் 314. அந்தக் காலத்தில் அது துரத்தவே முடியாத ஸ்கோர். டெண்டுல்கர் 26 பந்தில் 41 அடித்துவிட்டு அவுட். அடுத்து வந்தது யார்? வழக்கமாக 6, 7-ல் இறங்கும் ராபின் சிங், 3-வது ஆளாக. வேலை இதுதான்: கங்குலி ஆடட்டும், நீ பயமில்லாமல் அடி, அவுட் ஆனாலும் பரவாயில்லை. இந்த 'அவுட் ஆனாலும் பரவாயில்லை' என்ற வார்த்தையை யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்று யோசியுங்கள். ராபின் அவுட் ஆகவில்லை, வெகுநேரம். இருவரும் 179 ரன் சேர்த்தார்கள். ராபின் 82, கங்குலி 124. கடைசியில் 2 பந்தில் 3 ரன் தேவைப்பட்டபோது ஹிருஷிகேஷ் கனித்கர் ஃபோர் அடித்தார். அன்றைய தேதியில் ஒருநாள் கிரிக்கெட்டின் மிகப்பெரிய சேஸிங். அந்த மேட்ச்சைப் பற்றிப் பேசினால் உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ முதலில் சொல்வது கனித்கரின் ஃபோர். அப்புறம் கங்குலி. ராபின் பெயர் மூன்றாவதாக வரும், அதுவும் 'ஆமா, ராபினும் நல்லா ஆடினாப்ல' என்று.

1999 உலகக் கோப்பை, டான்டன். இது இன்னும் கொடுமை. இலங்கைக்கு எதிராக கங்குலி 183, டிராவிட் 145, கூட்டணி 318. இன்றும் ரீல்ஸில் சுற்றுகிற மேட்ச். அதே மேட்ச்சில் ராபின் சிங் 31 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். உலகக் கோப்பையில் 5 விக்கெட்! அதை மட்டும் வைத்து இன்னொருவர் ஆயுசுக்கும் பேட்டி கொடுத்திருப்பார். அவருக்கோ, 318-க்குக் கீழே ஒரு வரி.

அதற்கு ஒரு வாரம் முன்னால் லெஸ்டரில் ஜிம்பாப்வேயோடு நடந்தது நேரெதிர். 253 இலக்கு. 2 ஓவரில் 9 ரன் போதும், கையில் 3 விக்கெட். ராபின் 35 ரன்னோடு களத்தில் நிற்கிறார். ஹென்றி ஒலங்கா ஒரே ஓவரில் மூன்று பேரையும் காலி செய்தார், முதல் ஆள் ராபின். இந்தியா 3 ரன்னில் தோற்றது. 'முடித்துக் கொடுக்கிற வேலை' கையில் இருப்பவருக்கு இதுதான் விதி. முடித்தால் இன்னொருவர் ஹீரோ, முடிக்காவிட்டால் நீங்கள் மட்டும் வில்லன்.

முழுக்க அவர் பெயரிலேயே இருக்கிற நாள் என்றால் 1997 டிசம்பர், கவுஹாத்தி. இலங்கைக்கு எதிராக 22 ரன்னுக்கு 5 விக்கெட்.

ஒரே ஒரு டெஸ்ட்

1998 அக்டோபர், ஹராரே. ஜிம்பாப்வேக்கு எதிராக ராபினுக்கு டெஸ்ட் தொப்பி கிடைத்தது. 35 வயது. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 27 ரன். இந்தியா தோற்றது. அடுத்த டெஸ்ட்டுக்கு அவர் இல்லை, அதன் பிறகு எப்போதும் இல்லை.

டெஸ்ட்டில் ஓவர் கட்டுப்பாடு கிடையாது. நல்ல பௌலர் நான்கு பேர் இருந்தால் அவர்களே நாள் முழுக்கப் போடலாம். ஐந்தாவது ஆளின் 10 ஓவர் என்ற ஓட்டையே அங்கே இல்லை. ஓட்டை இல்லாத இடத்தில் அடைப்புக்கு என்ன வேலை? முதல்தரக் கிரிக்கெட்டில் 46 சராசரி வைத்திருந்தவர், 'ஒருநாள் ஆள்' என்ற முத்திரையோடு முடிந்துபோனார். வெறும் பேட்ஸ்மேனாக மட்டும் இருந்திருந்தால் அந்த சராசரிக்கு இன்னும் சில டெஸ்ட் கிடைத்திருக்கலாம். பந்து போடத் தெரிந்ததுதான் அவரை அணிக்குள் கொண்டுவந்தது. பேட்ஸ்மேன் என்ற பட்டம் அவர் பக்கம் வராமல் தடுத்ததும் அதுதான்.

ஒரு சின்னக் கொசுறு. 1999 ஜனவரியில் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக 'ராபின் சிங்' ஒரு டெஸ்ட் ஆடியிருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அவர் டெல்லி வேகப்பந்து வீச்சாளர், வேறு ஆள். அவரும் ஆடியது ஒரே டெஸ்ட். பேரில் ராசி சரியில்லை போல.

நம்முடைய ராபின் சிங்கின் ஒருநாள் பயணம் 2001-ல் முடிந்தது. 2,336 ரன், 69 விக்கெட்.

3டி கண்ணாடியும் அதன் பிறகும்

இதெல்லாம் பழைய கதை என்றால், உங்களுக்கு நினைவிருக்கிற ஒன்றுக்கு வருவோம். 2019 உலகக் கோப்பை அணியில் அம்பத்தி ராயுடுவை விட்டுவிட்டு தமிழ்நாட்டின் விஜய் சங்கரை எடுத்தார்கள். பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் என்று மூன்று பரிமாணம் இருக்கிறது என்றார் தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே.பிரசாத். மேட்ச் பார்க்க 3டி கண்ணாடி ஆர்டர் செய்திருக்கிறேன் என்று ட்வீட் போட்டார் ராயுடு. மீம் உலகத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மீம் மட்டும் பார்த்தவர்கள் தவறவிட்ட ஒன்று. விஜய் சங்கர் முதலில் ஆஃப் ஸ்பின்னர். தமிழ்நாட்டில் ஸ்பின்னர்களுக்குப் பஞ்சமே இல்லை, அணிக்குள் நுழைய இடமும் இல்லை. அதனால் மித வேகத்துக்கு மாறினார். அணியில் எந்த இடம் காலியோ அதற்கேற்ப தன் கையையே மாற்றிக்கொண்டவர். அந்த உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக புவனேஷ்வர் குமார் காயத்தோடு வெளியேற, ஓவரின் மிச்சத்தைப் போட இவரைக் கூப்பிட்டார்கள். உலகக் கோப்பையில் அவர் வீசிய முதல் பந்திலேயே இமாம் உல் ஹக் அவுட். இதைவிட யூட்டிலிட்டியான விக்கெட் இருக்க முடியாது. மூன்று மேட்ச் ஆடியதும் கால்விரல் காயம், தொடரிலிருந்து வெளியே. அதற்குப் பிறகு இந்திய அணிக்காக அவர் ஆடவில்லை. 2021-ல் சையத் முஷ்டாக் அலி கோப்பையைத் தமிழ்நாடு ஜெயித்தபோது கேப்டன் இவர்தான். ஷாரூக் கானின் கடைசிப் பந்து சிக்ஸர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கேப்டன் பெயரைக் கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். 2025-ல் தமிழ்நாட்டை விட்டு திரிபுரா அணிக்குப் போய்விட்டார்.

டெல்டாவின் வாசல் என்று சொல்லக்கூடிய திருச்சியில் பிறந்த ராஜகோபால் சதீஷும் இதே ஜாதகம்தான். கீழ்வரிசை அதிரடி, கொஞ்சம் மித வேகம், அபார ஃபீல்டிங். ஐ.பி.எல்லில் மும்பை, பஞ்சாப், கொல்கத்தா என்று அணிகள் மாறினார்.

வாஷிங்டன் சுந்தரின் கதைதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் எபிசோட். 2016 ஜூனியர் உலகக் கோப்பையில் பேட்டிங்குக்காகப் போனவர், 2017 ஐ.பி.எல்லில் அஸ்வினுக்குக் காயம் என்றதும் புனே அணிக்குப் பவர்பிளே ஸ்பின்னராக வந்தார். 2021 ஜனவரி, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியாவில் வலைப்பயிற்சிக்குப் பந்து போட நிறுத்திவைக்கப்பட்டிருந்தவர், வரிசையாக எல்லாரும் காயமடைந்ததால் டெஸ்ட் தொப்பி வாங்கினார். அதற்கு முன் மூன்று வருடமாக முதல்தர மேட்ச்சே ஆடவில்லை. முதல் இன்னிங்ஸில் ஸ்டீவ் ஸ்மித் உட்பட 3 விக்கெட், பேட்டிங்கில் 62. 2024-ல் நியூசிலாந்து தொடரின் நடுவே கூப்பிட்டார்கள். புனேயில் 59 ரன்னுக்கு 7 விக்கெட். 2025 ஜூலை, மான்செஸ்டரில் தோற்க வேண்டிய டெஸ்ட்டை ஜடேஜாவோடு சேர்ந்து டிரா செய்தார், ஆட்டமிழக்காமல் 101. அதே வருடம் நவம்பரில் தென்னாப்பிரிக்காவோடு கொல்கத்தாவில் அவரை 3-வது இடத்தில் இறக்கினார்கள். அடுத்த டெஸ்ட், கவுஹாத்தி: 8-வது இடம். 3 என்றால் அணியின் சிறந்த பேட்ஸ்மேனுக்கு உரிய நாற்காலி. 8 என்றால் பௌலரின் நாற்காலி. ஒரே வாரத்தில் இரண்டிலும் உட்கார்ந்தவர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கறிவேப்பிலை கணக்கு

நம் வீட்டில் இந்த மாதிரி ஆளுக்கு ஒரு சொல் இருக்கிறது, கறிவேப்பிலை. தாளிக்கும்போது அது இல்லாமல் முடியாது, சாப்பிடும்போது ஓரமாக ஒதுக்கிவிடுவோம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான்.

ராபினோ ஓகெண்டோவோ எல்லாவற்றிலும் சுமாராக இருந்து காலம் தள்ளவில்லை. ராபினின் ஃபீல்டிங் அன்றைய இந்திய அணியில் முதல் தரம். ஓகெண்டோவும் க்ளவுஸை வைத்துப் பிழைத்தவர்தான். ஒரு வேலையில் நம்பர் ஒன், மற்ற மூன்றில் நம்பிக்கையான ஆள், இதுதான் இந்த கரியரின் உண்மையான கட்டமைப்பு. எல்லாவற்றிலும் 50 மார்க் வாங்குபவருக்கு ஊர் டீமில் இடம் உண்டு, அதற்கு மேல் கஷ்டம். வடுவூர்ப் பக்கம் கபடி ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆல்ரவுண்டர் என்று பெயர் வாங்கினாலும், ரெய்டா டேக்கிளா, எதில் முதலில் நிற்கிறாய் என்றுதான் கோச் பார்ப்பார்.

தஞ்சாவூரிலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ சென்னை லீக்குக்குப் போக நினைக்கும் பையனுக்கு இது வெறும் தத்துவம் கிடையாது. ட்ரயல்ஸில் முதலில் வருகிற கேள்வி 'நீ என்ன பண்ணுவ?' என்பதுதான். 'எல்லாம் பண்ணுவேன் சார்' என்ற பதிலுக்கு நெட்ஸில் கிடைப்பது பேட்டிங்கில் 6 பந்து, பௌலிங்கில் 6 பந்து. பேட்ஸ்மேன் என்று சொன்னவனுக்கு முழு நேரமும் பேட். ஊரில் எல்லா வேலையும் பார்த்தவன் அங்கே எதிலும் முழுசாகத் தெரியாமல் திரும்பி வருவான். திறமை குறைவில்லை. அவன் வேலை தெரிய 10 மேட்ச் வேண்டும், ட்ரயல்ஸ் கொடுப்பதோ 10 நிமிடம்.

விதிகளும் கூடவே விளையாடுகின்றன. 2023-ல் ஐ.பி.எல்லில் இம்பாக்ட் பிளேயர் முறை வந்தது. பேட்டிங்குக்கு ஒருவர், பௌலிங்குக்கு ஒருவர் என்று நடுவில் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் இரண்டும் பாதி பாதி தெரிந்தவர் எதற்கு? 2024-ல் ரோஹித் சர்மாவே இந்த விதி தனக்குப் பிடிக்கவில்லை, ஆல்ரவுண்டர்கள் வளர மாட்டார்கள் என்றார். அப்போது உதாரணத்துக்கு அவர் சொன்ன பெயர்களில் ஒன்று வாஷிங்டன் சுந்தர். அமெரிக்காவிலும் 2022-ல், பந்து எறிபவருக்குப் பதிலாக பேட்டிங் செய்யத் தனி ஆள் என்ற விதி இரண்டு லீக்குக்கும் பொதுவானது. நடுவில் ஆள் மாற்றும் கணக்குகள் குறைந்தன, அந்தக் கணக்கில் களமிறங்கிக்கொண்டிருந்த பெஞ்ச் ஆட்களின் வாய்ப்பும் குறைந்தது. ஓட்டை இருக்கிறவரைதான் அடைப்புக்கு மதிப்பு. ஓட்டையை விதியே அடைத்துவிட்டால்?

ஓய்வுக்குப் பிறகு

யூட்டிலிட்டி ஆட்களுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் அடிக்கும். எல்லா இடத்திலும் நின்று பார்த்ததால் ஆட்டம் முழுசாகப் புரிந்துவிடும். ஓகெண்டோ ஓய்வுக்குப் பிறகு அதே கார்டினல்ஸ் அணிக்குப் பல வருடம் பயிற்சியாளராக இருந்தார். ராபின் சிங் ஜூனியர் அணிக்கும் ஹாங்காங்குக்கும் பயிற்சி கொடுத்தார். 2007-ல் தோனியின் இளம் அணி முதல் டி20 உலகக் கோப்பையை ஜெயித்தபோது ஃபீல்டிங் கோச் அவர்தான். 2008-ல் ஐ.பி.எல் தொடங்கியதும் டெக்கான் சார்ஜர்ஸ். 2010-லிருந்து மும்பை இந்தியன்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளர், 2011-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அதன் பிறகு ஜான் ரைட், ரிக்கி பான்டிங், மஹேல ஜெயவர்தனே என்று பெரிய பெயர்கள் அந்த நாற்காலிக்கு வந்து போனார்கள். ராபின் அணியை விட்டுப் போகவில்லை, நாற்காலியை மாற்றிக்கொண்டு பேட்டிங், ஃபீல்டிங் என்று தேவைப்பட்ட வேலையைப் பார்த்தார். 2020-ல் ஐக்கிய அரபு அமீரகக் கிரிக்கெட்டின் இயக்குநர் ஆனார்.

அந்த மும்பை டக்அவுட்டின் பழைய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். பின்வரிசையில் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் ஃபீல்டிங் பேட்டோடு ஒருவர் நிற்பார். கேமரா அவர் மேல் நிற்காமல் ரோஹித்தைத் தேடிப் போகும்.